நாலாம் டைப்

மனைவியின் கைப்பையில் குடையைத் தேடியபோது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் ஒரு தாள் சிக்கியது. அவள் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், ஊழியர்களுக்கு நடந்த பயிற்சியில் கொடுத்தது. 'உங்கள் சக ஊழியர் எந்த டைப்?' என்று தலைப்பு. பெயருக்கு நேரே 'எக்ஸ்ரே டெக்னீஷியன்' என்றிருந்தது. நாற்பது கேள்விகளுக்கும் மனைவியின் பச்சை மை டிக். ஒன்றைக்கூட விடவில்லை.

முடிவு: நாலாம் டைப். அதிகம் பேசமாட்டார். அடுத்தவர் மறந்ததை இவர் நினைவில் வைத்திருப்பார். கோபம் வந்தால் கத்தாமல் ஏதாவது வேலையில் இறங்கிவிடுவார்.

கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. தொட்டியில் கிடந்த பாத்திரம் அத்தனையும் தேய்த்துக் கவிழ்த்தார்.

"அந்த எக்ஸ்ரேக்காரர் வந்து எத்தனை நாளாச்சு?"

"மூணு மாசம் இருக்கும். ஏங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

மூன்றே மாதத்தில் நாற்பது பதில்!

மறுநாள் கடையில் உட்கார்ந்து, அதே கேள்விகளைப் போனில் தேடி எடுத்து, தன்னைப் பற்றிப் பதில் சொன்னார். நாலாம் டைப் என்று வந்தது. இடி விழுந்தது போலிருந்தது. ஒரே சரக்கு இரண்டு கடையில் இருந்தால், கூட்டம் புதுக் கடைக்குத்தான் போகும். இது வியாபாரிக்குத் தெரியாதா?

அன்றே ஏழாம் டைப்புக்கு மாறினார். கலகலப்பானவர், கவலையற்றவர், எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதவர்.

"கடைசி வரி தெரியலையே" என்றார் கண் பரிசோதனைக்கு வந்த பெரியவர்.

"விடுங்க சார், முதல் வரியிலயே கதை முடிஞ்சிருச்சு!"

பெரியவர் வேறு கடைக்குப் போனார்.

வீட்டிலும் ஓயாத பேச்சு, பாட்டு.

"என்னங்க, என் கழுத்துவலி மாத்திரை? எப்பவும் நீங்களே வாங்கிட்டு வந்துருவீங்களே..."

"மறந்தே போச்சு! மாத்திரை கிடக்குது, வாழ்க்கையை ரசிம்மா!"

பேர் மாற்றி ஒட்டிய ரத்தக் குப்பியைப் பார்ப்பதுபோல் அவள் அவரைப் பார்த்தாள். மூன்றாம் நாள், "சாப்பாடு கேன்டீன்லயே ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

கேன்டீனில் யாருடன்?

விடிந்ததும் கிளிப்பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே எக்ஸ்ரே அறைக்குப் போனார். ஊசலாடும் கதவைத் தள்ளி, பலமாகச் சிரித்தார்.

"ஹலோ ஹலோ! லேப் மேடம் பக்கம் பக்கமா டிக் அடிச்ச நாலாம் டைப் நீங்கதானா?"

உள்ளே இருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஐயோ, அது நான் இல்ல சார். 'உங்களைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது, எங்க வீட்டுக்காரரை நினைச்சு எழுதிடறேன், அவரைப் பத்தின்னா கண்ணை மூடிட்டு எழுதுவேன்'னாங்க. ஆமா, நீங்க யாரு?"