இருபது படத்தில் ஒரு பேசும்படம்

டிராயிங் மாஸ்டர் வேலையை உதறிவிட்டு சினிமாவில் சேருவது என்று 1939 ஜனவரி முதல் தேதி தீர்மானம் செய்தேன். பாலக்கரைப் பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் கத்தரிக்காய் வரையச் சொல்லிக்கொடுத்து, கத்தரிக்காய் என்ற பேரைக் கேட்டாலே எனக்கு ஏப்பம் வந்தது.

வழியும் கண்டுபிடித்தேன். ஷூட்டிங்குக்கு முன்னாலேயே காட்சி காட்சியாகக் காகிதத்தில் வரைந்து கொடுத்துவிட்டால், காமிராவை எங்கே வைப்பது, யார் எங்கே நிற்பது என்று டைரக்டர் முழிக்க வேண்டாமே! திருச்சிக்கு வந்திருந்த டைரக்டர் வீரமலை, "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பார்க்கிறேன்" என்றார்.

மனைவி செல்வமேரியிடம் மார்தட்டினேன்.

"மேரி, நான் படம் எடுக்கப் போறேன்!"

"பாம்புதாங்க படம் எடுக்கும்."

அன்றைக்கே உட்கார்ந்து இருபது படம் வரைந்தேன். உருக்கமான கதை. மனைவி கரண்டியோடு ஏசுகிறாள். புருஷன் கிழிந்த வேட்டியோடு ரயிலேறுகிறான். பட்டணத்தில் பணக்காரனாகிறான். கோட்டு சூட்டோடு ரயிலில் வந்து இறங்குகிறான். மனைவி காலில் விழுந்து கதறுகிறாள். சுபம்!

செல்வமேரி எட்டிப் பார்த்தாள்.

"இவ மூக்கு என் மூக்கு மாதிரி இருக்கே?"

"மூக்குன்னா எல்லாம் ஒண்ணுதான்."

"கன்னத்து மச்சமுமா?"

நான் இருமினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் சோடா வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் வீரமலை வந்துவிட்டார். மடியில் என் படங்கள். மனிதர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"அழ வேண்டிய கதைக்கு ஏன் சிரிக்கிறாரு?" என்று மனைவியின் காதைக் கடித்தேன்.

"காத்துல கலைஞ்சுபோச்சுங்க. நான்தான் அடுக்கிக் குடுத்தேன்."

"எப்படி அடுக்கினே?"

"கடைசிப் படத்துலேருந்து."

குனிந்து பார்த்தேன். 'போகாதீங்க' என்று மனைவி காலில் விழுகிறாள். புருஷன் கேட்காமல் கோட்டு சூட்டோடு ரயிலேறுகிறான். பட்டணத்தில் ஜம்மென்று இருக்கிறான். அப்புறம் கிழிந்த வேட்டியோடு ஊர் வந்து இறங்குகிறான். வாசலில் மனைவி, கையில் கரண்டி! ரயில் ஏறுகிறவனும் இறங்குகிறவனும் படத்தில் ஒரே மாதிரிதான் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீரமலை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிரமாதமான வரிசை! யார் போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தாங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் அவளோடு பேசவில்லை. காப்பியை என் பக்கத்தில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நிஜமாவே என்னை விட்டுட்டு ரயிலேறிடுவீங்களோன்னு பயந்துட்டேங்க." அதற்கு மேல் எங்கே கோபப்படுவது!

பத்தாம் நாள் கடிதம் வந்தது. மேலே 'ஸ்ரீமதி செல்வமேரி அம்மாள்' என்றிருந்தது. 'காட்சிகளை வரிசைப்படுத்த உடனே மெட்ராஸ் வரவும். படம் வரைய யாராவது ஓர் ஆளை உடன் அழைத்து வரலாம்.'

"நான் வரட்டுமா, மேரி?" என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள்.