ஐந்தாம் வடிவத்துக்கு ஒரு மூக்கு

மகத்தான சாதனைகள் எல்லாம் முன்னேறியதால் விளைந்தவை என்று உலகம் தவறாக நம்பிக்கொண்டிருக்கிறது. பின்னேறுவதும் சாதனைதான். சந்தேகமிருப்பவர்கள் புதுச்சேரிக்கு வரலாம். போன வருடம் கட்டிய ஓட்டலுக்கு மஞ்சள் அடித்து, வெள்ளைக் கரை கட்டி, இருநூறு வயது ஏற்றிவிடும் ஊர் இது. அந்த உயர்ந்த மரபில்தான் எங்கள் 'சிற்றுரு விமானக் கழகம்' ஒரு பிளாஸ்டிக் விமானத்தை அதற்கு முந்தைய வடிவமாக மாற்றியது.

கழகத்தின் 'தலைமையகம்' மூலக்குளத்தில், தலைவர் ராஜாங்கம் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. தலைவர் செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவர். செயலாளர் நான். பாரிஸிலிருக்கும் தலைவரின் மூத்த மருமகன் அனுப்பிய பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஸ்பிட்ஃபயர் போர் விமானம், ஒன்பதாம் வடிவம், துண்டு துண்டாக. தலைவர் முகம் சுளித்தார்.

"நம்ம பிரெஞ்சுக்காரங்க மொதல்ல ஓட்டுனது அஞ்சுய்யா. ஒம்போது ரொம்ப லேட்டு. நம்ம ஊருக்கு ஒத்துவராது."

"மாத்திடலாமா தலைவரே?"

"மாத்தியே ஆவணும்."

மூக்கைக் குட்டையாக்க வேண்டும். நான்கு இதழ் விசிறியை எடுத்துவிட்டு மூன்று இதழ் விசிறி செதுக்க வேண்டும். ஆனால் நிர்வாகம் முதலில் நடக்க வேண்டுமல்லவா? செய்முறைத் தாளில் சில துண்டுகளுக்குச் சாம்பல் நிறமடித்து, 'பயன்படாதவை' என்று போட்டிருந்தது. முப்பது வருடம் அலுவலகம் பார்த்தவருக்கு உபரிச் சாமானைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவசரக் கூட்டம் கூட்டி, அவற்றைக் 'கழிவு' என ஏகமனதாக அறிவித்தோம்.

கழிவையும் வீணாக்கவில்லை. தலைவர் அவற்றை நறுக்கி, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, பெயிண்ட் தின்னர் ஊற்றினார். பிளாஸ்டிக் கரைந்து, விரிசல் அடைக்க அருமையான பட்டி கிடைத்தது. 'தற்சார்பு' என்று அதற்குப் பெயர் சூட்டினார். கைதட்டினோம்.

எட்டு மாதம் அறுத்தோம், அப்பினோம், தேய்த்தோம். விமானத்தில் தேநீர் சிந்தக் கூடாது என்பதால் பெட்டியின் மூடியைத் தட்டாக்கி, ஓரமாக டம்ளர்களை வைத்துக்கொண்டோம். தலைவரின் குடும்பம் தரையில் அமர்ந்து சாப்பிட்டது. இறுதியில் அவர் மனைவி நிர்மலா இடுப்பில் கை வைத்து வந்து நின்றார்.

"ஏங்க, சின்னவள பொண்ணு பாக்க வர்றாங்க. அவங்களுக்கு எங்க எல போடறது? றெக்கை மேலயா?"

"வரலாறு நடந்துக்கினு இருக்குது நிர்மலா."

"நடக்கட்டும், மொட்டை மாடியில நடக்கட்டும். ஜூலை பதினாலு மாடல் கண்காட்சியில பரிசு வந்தா மேஜை உங்களுது. வரலன்னா கழகத்தத் தூக்கிக்கினு குருசுக்குப்பம் கடக்கரைக்குப் போங்க."

கழகத்தின் உயிர் மேஜையில் ஊசலாடியது.

கண்காட்சிக்கு நடுவராகக் கடலூரிலிருந்து எழிலரசன் வந்திருந்தார். எங்கள் விமானத்தைக் குனிந்து பார்த்தார்.

"சார், மூக்கு நீங்களே செஞ்சதா?"

"முழுக்க முழுக்கக் கையால! எட்டு மாசம்!"

"ஏன் சார்? இந்தப் பெட்டியிலயே அஞ்சோட மூக்கும் விசிறியும் சேந்து வருமே. ஒம்போதுக்கு வேணாம்னு தாள்ல சாம்பல் கலர் போட்டிருப்பான்."

நான் கூரையைப் பார்த்தேன். தலைமைப் பண்பு என்பது இத்தகைய வேளையில்தான் வெளிப்படும். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அந்த மூக்கத்தான் சார் போட்டிருக்கோம். கரைச்சு."

எழிலரசன் வெகுநேரம் தலையாட்டினார். பரிசு ஒரு டிராக்டருக்குப் போயிற்று.

மறுநாள் காலை நிர்மலா மேஜையை மீட்டார். அறுபட்ட மூக்கு, உப்புத்தாள், தின்னர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார். டம்ளர்களை எடுத்துவிட்டுப் பெட்டி மூடியை ஈரத்துணியால் துடைத்தவர், நின்றார்.

"தம்பி, இதுல இன்னாமோ எழுதியிருக்குதே. யாரும் படிக்கலியா?"

தேநீர் வட்டங்களுக்கு நடுவே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சிட்டிருந்தது: 'ஐந்து அல்லது ஒன்பது, விரும்பியதைச் செய்யலாம்.'

கழகத்தில் மொத்தம் ஆறு பேர். ஆறு பேரும் பொறியாளர்கள்.