பைண்டரின் இருமல்

அன்புள்ள மாப்பிள்ளை டாக்டர் அவர்களுக்கு,

மாமனார் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் பாதிப் பேர் நலம், மீதிப் பேர் காய்ச்சல். அவ்விடம் நீங்களும் என் மகளும், நான் இன்னும் முகம் பார்க்காத என் பேத்தியும் முழு நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள் என்பதால் கடிதம்.

"அச்சகத்துல காய்ச்சல் அடங்குற வரைக்கும் குழந்தையைப் பார்க்க வராதீங்க மாமா" என்று சொல்லிவிட்டீர்கள். கூடவே, "நோய் எல்லார்கிட்டேயிருந்தும் ஒரே மாதிரி பரவாது. வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க யாருக்குமே கொடுக்க மாட்டாங்க. ஒண்ணு ரெண்டு பேர்தான் ஊருக்கே கொடுப்பாங்க" என்றும் சொன்னீர்கள். அதற்கு மேல் மூடின அறை, கூட்டம், சத்தமான பேச்சு என்று ஏதோ சொன்னீர்கள். அது எங்கள் பிழை திருத்தும் பிரிவுக்குப் பொருந்தாது என்பதால் நான் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. அந்த ஒருவனைப் பிடித்தால் பேத்தியைப் பார்க்கலாம் என்பது மட்டும் பசுமரத்தாணி போலப் பதிந்துவிட்டது.

பிடித்துவிட்டேன் மாப்பிள்ளை. எங்கள் அறை மூலையில் புத்தகம் தைக்கும் பைண்டர்தான். வருஷக் கணக்காக இருமுகிற மனுஷன். கேட்டால் "காகிதத் தூசி சார்" என்பார். திருடன் என்றைக்கு ஒப்புக்கொண்டான்? அவரைத் தூக்கிக் குடோனில் தனியாகப் போட்டேன், சாப்பாடுகூட வாசலோடு சரி. அதற்குப் பிறகும் எங்கள் அறையில் ஒவ்வொருவராகப் படுக்கிறார்கள் என்றால், அவர் விட்டுப்போன கிருமி எவ்வளவு கெட்டியானது என்று பாருங்கள். ஆள் குறைந்ததால் என் பாடுதான் திண்டாட்டம். கையெழுத்துப் பிரதியை நான் உரக்க வாசிக்க, மற்றவர்கள் அச்சடித்த தாளைப் பார்த்துத் திருத்துவது எங்கள் வழக்கம். தாள் பறக்கும், மெஷின் சத்தம் வேறு, அதனால் ஜன்னல் திறப்பதில்லை. முற்றுப்புள்ளி, காற்புள்ளி எல்லாவற்றையும் நான் அழுத்திச் சொல்வேன். ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் எதிரே இருப்பவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், அது என்ன பழக்கமோ. அவரும் நேற்றிலிருந்து வரவில்லை. எனக்கு ஆண்டவன் புண்ணியத்தில் ஒன்றுமில்லை, லேசான தொண்டைக் கரகரப்புதான், அது குரலுக்கு ஒரு கம்பீரம் கொடுக்கிறது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? ஆனால் உங்கள் அத்தை கேட்டால்தானே, சோதனை பண்ணியே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போய் என் மூக்குக்குள் குச்சியை விட வைத்துவிட்டாள். குற்றவாளியைப் பிடித்தவனுக்கு இந்த வீட்டில் இதுதான் மரியாதை.

ஞாயிறு காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். பேத்தியை மடியில் கிடத்தி, அவள் காதருகே ஒரு கதையை நானே உரக்க வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மூவருக்கும் நீண்ட ஆயுளும் நோயற்ற வாழ்வும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இதை அத்தை எழுதறேன். கடிதத்தை ஒட்டறதுக்குள்ள சோதனை முடிவு வந்துடுச்சு. உங்க மாமாவுக்குத்தான் இருக்கு. பைண்டருக்கும் பார்த்தாங்க, அவருக்கு வெறும் தூசிதானாம், குடோன்ல அவர் ஒருத்தர்தான் திடமா இருக்கார். இவர் வாசிக்கக் கேட்டவங்கதான் வரிசையாப் படுத்திருக்காங்க. தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க, இவருக்குத் தன் வாயே தெரியலை. ஞாயிற்றுக்கிழமை யாரும் வரலை. நானும் கொஞ்ச நாள் போகட்டும்னு இருக்கேன். இவரை உள் ரூம்ல விட்டுக் கதவைச் சாத்தியாச்சு. பேத்தியைப் பார்க்க முடியலையேன்னு அழறார். எனக்கும் மனசு கேட்கலை. ஆனா அந்த அழுகையும் உரக்கத்தான், அதனால ஜன்னலை மட்டும் நல்லாத் திறந்து வச்சிருக்கேன்.