விளக்கைக் கழற்றச் சொன்னவன்

கம்பம் நின்றது. விளக்கைத்தான் காணோம்.

பணியாரக் கல்லை அடுப்பில் ஏற்றிய பிலோமி திகைத்துப் போனாள். தறியை விட்டு இறங்கி வருகிறவர்கள் அந்தத் தெருவிளக்கின் வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் அவளிடம் பணியாரம் தின்பார்கள். இது யுத்த காலம். அருப்புக்கோட்டை முழுக்க மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பாக இருக்கிறது. தெருவிளக்கு இல்லையென்றால் அவள் வியாபாரமும் இல்லை.

"இந்தாருங்க, விளக்கு எப்ப வருமுன்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க" என்று புருஷனை அனுப்பினாள்.

யாக்கோபு போனான். ஆனால் அதை மட்டும் கேட்டுத் திரும்புகிற ஆளா அவன்? பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால்கூட, தும்மியது யார் என்று எட்டிப் பார்த்த பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கும்.

"ஐயா, எங்க தெரு விளக்க எதுக்குக் கழட்டினாக?"

பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தா தலையை நிமிர்த்தவே இல்லை. "எவனாவது மனுக் குடுத்திருப்பான். மனு இல்லாம இங்க எது நடக்குது?"

யாக்கோபுக்குக் காதில் எறும்பு புகுந்தது போலாயிற்று. "யாருங்கய்யா குடுத்தது?"

"நகல் வேணுமுன்னா ஸ்டாம்பு ஒட்டி எழுதிக் குடுய்யா. தேடிப் பாப்போம்."

ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரைப் பிடித்து, மேற்படி விளக்கை அகற்றக் கோரி வந்த மனுவின் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினான்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பால்பாண்டி தன் அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கொண்டுவந்து பிலோமியிடம் கொடுத்தான். "இத வச்சுக்கங்கக்கா. யாவாரம் படுத்துறக் கூடாதுல்ல."

கேட்காமலே உதவுகிறானே, ஏன்? யாக்கோபின் மூளை விறுவிறுவென்று வேலை செய்தது.

"ஏலே பால்பாண்டி, உண்மையச் சொல்லு. மனுப் போட்டது நீதான? மனசு உறுத்தித்தான விளக்கக் குடுக்க?"

பால்பாண்டி அவனை ஏற இறங்கப் பார்த்தான். அரிக்கேனைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"இருந்த வெளிச்சத்தையும் அனுப்பிட்டீகளே!" இருட்டுக்குள்ளிருந்து பிலோமியின் குரல் மட்டும் வந்தது.

"நகல் வரட்டும். அப்பத் தெரியும் அவன் யோக்கியதை."

நகல் வரவில்லை. அளக்கிற சங்கிலியோடு ஓர் ஆள் வந்தார்.

"இந்த விளக்கப் பத்தி ஆபீஸுக்கு மனு வந்திருக்கு. இடத்த அளக்கணும்."

"பாத்தியா பிலோமி? மனு இருக்குன்னு இவுகளே சொல்லுதாக!" யாக்கோபு பூரித்துப் போனான்.

வந்தவர் கம்பத்திலிருந்து வாசல் வரை அளந்தார். பிலோமியின் அடுப்பு பாதிக்கு மேல் தெருவில் இருப்பதைக் கண்டுபிடித்து, உள்ளே எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுப்பு வீட்டுக்குள் போனது. புகை மண்டியது. வாங்க ஆளில்லாத பணியாரத்தை யாக்கோபே தின்று தீர்த்தான். தின்ற தெம்பில், நகலைச் சீக்கிரம் தரும்படி இன்னொரு மனுவும் கொடுத்தான். குமாஸ்தா இரண்டையும் சேர்த்துக் கட்டி மேலதிகாரியின் மேஜைக்கு அனுப்பிவிட்டார்.

அன்றைக்குப் பிலோமி மாவு ஆட்டவில்லை. கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கழட்டச் சொன்னது யாருன்னு தெரிஞ்சு எனக்கு என்னங்க ஆகப் போகுது? எனக்கு வெளிச்சம் வேணும், அம்புட்டுத்தான்" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

யாக்கோபு எழுந்து சட்டையை மாட்டினான். யார் என்ற கேள்வியை அப்படியே போட்டுவிட்டு, ஆபீஸ்காரர்கள் காலில் விழுந்தாவது விளக்கை வாங்கி வருவது என்று புறப்பட்டான்.

தெருமுனையில், ஊர் விளக்குகளை ஏற்றுகிற சோலை தோளில் ஏணியோடு எதிரே வந்தான்.

"சோலை, நான் வேற ஒண்ணும் கேக்கல. எங்க தெரு விளக்கு எப்பப்பா வரும்?"

சோலை ஏணியை இறக்கி வைத்தான்.

"கண்ணாடி வெடிச்சிருச்சுன்னு நாந்தான் கழட்டினேன் அண்ணாச்சி. மறுநாளே புதுக் கண்ணாடி போட்டு மாட்டக் கெளம்பினா, அந்த விளக்கப் பத்தி எவனோ மனுக் குடுத்திருக்கான், அது தீர்ற வரைக்கும் தொடாதன்னுட்டாக. அந்தப் பய யாருன்னு தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க, இந்த ஏணியாலயே நாலு சாத்துறேன்!"