கை நனையாத மேஸ்திரி

துணி துவைக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். துணியை அழுக்காக்குகிறவர்களையும் தெரியும். கண்ணாடியைப் பார்த்தால் போதும். இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. வாளிக்கும் இவருக்கும் எப்போதும் நாலடி தூரம். சட்டைக் கை முட்டிக்கு மேல் ஏறியதே கிடையாது. ஆனால் எந்தத் துணியை எதோடு ஊறவைக்கக் கூடாது, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் கொடி கட்ட வேண்டும், காலரில் பிரஷ்ஷை மேலிருந்து கீழே தேய்ப்பதா கீழிருந்து மேலே தேய்ப்பதா, நீலம் போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நீங்கள் கேட்காமலே சொல்வார். கேட்டால் இன்னும் சொல்வார். இவர்தான் சலவை மேஸ்திரி. கட்டிட மேஸ்திரியாவது ஒரு காலத்தில் கரண்டி பிடித்திருப்பார். இவருக்கு அந்தக் கஷ்டமும் இல்லை.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. நன்றாக விளைந்த ஒருவரைப் பார்க்க ஆசையிருந்தால் கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள். ரயிலடியிலிருந்து நடக்கிற தூரத்தில், மாடி வீட்டில், ஹேமநாத் இருக்கிறார். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அதாவது, அடுத்தவன் வியர்வை சிந்திச் செய்த பொருளைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ‘ஓகே’ அல்லது ‘நாட் ஓகே’ என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர். அந்தக் கண்ணைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டா வீட்டுக்கு வர முடியும்?

வீட்டிலோ துணிக்குப் பஞ்சமே இல்லை. மனைவி பானு வயர் கம்பெனியில் ஷிஃப்ட்டு வேலை. மகள் ரோஜா பொன்னேரிக்கு ரயிலேறிக் காலேஜ் போய் வருகிறாள். மகன் சரவணகுமார் பிளஸ் ஒன் படிக்கிறானோ இல்லையோ, கபடி ஆடுகிறான். ஒரு நாளைக்கு மூன்று பனியனை மண்ணில் புரட்டிவிட்டு வருவான். இத்தனையும் துவைத்து மொட்டை மாடியில் போட்டால், காலையில் தொழிற்சாலைப் புகைபோக்கிகள் பக்கமிருந்து கரி வரும்; சாயந்திரம் எளாவூர் செக்போஸ்ட்டை நோக்கி வரிசை கட்டும் லாரிகளின் புழுதி வரும். கரிக்கும் புழுதிக்கும் நடுவே கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பானு ஓடிப்போய்ப் போட்டு, ஓடிப்போய் எடுப்பாள். அந்த வீட்டில் துணிமலை குறைந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஒரு பக்கம் கரைத்தால் மறுபக்கம் வளரும்.

ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடிந்ததும் ஹேமநாத் டீ டம்ளரோடு மாடிக்கு ஏறுவார். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். கொடி ஓரமாக மெல்ல நடப்பார். ஒரு சட்டையை விரலால் தூக்கிப் பார்ப்பார். ஒரு துண்டை முகர்ந்து பார்ப்பார். பக்கத்துப் போர்ஷன் ஆரோக்கியமேரியின் புடவையைக் கூட விடமாட்டார்.

“சிஸ்டர், இது நல்லா உதறிப் போடலியே. சுருக்கம் கீது பாருங்க. கிளிப்பு வேற இல்ல. காத்து மேக்கால அடிக்குது.”

“சரிண்ணே,” என்பாள் அவள். கீழே போய் என்ன சொல்வாள் என்பதை இங்கே எழுத முடியாது.

இப்படிச் சாதாரண மேஸ்திரியாக இருந்தவர் பெரிய மேஸ்திரியானது கம்பெனியில் கொடுத்த பயிற்சியால். வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்து, எதையும் அதற்கான இடத்தில் வைக்கிற முறையை இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கு மூன்று பிளாஸ்டிக் கூடைகளோடு வந்தார். மஞ்சள் கூடை துவைக்க வேண்டியதற்கு. பச்சைக் கூடை துவைத்து, அவர் பார்த்து, ‘ஓகே’ ஆனதற்கு. சிவப்புக் கூடை, துவைத்தும் அவர் கண்ணுக்குத் தேறாததற்கு.

“நைனா, செவப்புக் கூடைல கீறத யார் மறுபடி தோய்க்கிறது?” என்று கேட்டாள் ரோஜா.

“அதெல்லாம் சிஸ்டம் பாத்துக்கும்.”

சிஸ்டம் என்பது யார்? பானு. அவளுக்கோ மஞ்சள் கூடையைக் காலி செய்யவே நாள் போதவில்லை. ஆகவே சிவப்புக் கூடை மட்டும் நிரம்பிக்கொண்டே போனது.

அதே பயிற்சியில் இன்னொன்றும் கற்றுக்கொண்டு வந்திருந்தார். ஒரு தப்பு நடந்தால், அதன் வேரைப் பிடிக்க ஐந்து தடவை ‘ஏன்’ கேட்க வேண்டுமாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சாக்ஸ் காணாமல் போனாலும் விசாரணைக் கமிஷன்தான். ஏன் சாக்ஸ் ஒன்னு மட்டும் கீது? இன்னொன்னு மெஷின்லயே ஒட்டிக்கினு இருந்துச்சு. ஏன் ஒட்டுச்சு? எடுக்கும்போது யாரும் பாக்கல. ஏன் பாக்கல? கம்பெனி பஸ் வந்துடுச்சு. இப்படிப் போய்ப் போய் ஐந்தாவது ‘ஏன்’ தவறாமல் பானுவின் தலையில் இறங்கும். வேரைக் கண்டுபிடித்த திருப்தியில் அவர் டீ கேட்பார். அந்த டீயையும் வேர்தான் போட வேண்டும்.

இப்படியே காலம் ஓடியிருக்கும், அந்தக் கோட்டு வராமல் இருந்திருந்தால்.

பானுவின் கம்பெனியில் எல்லோருக்கும் வெளிர் நீலக் கோட்டு. லைன் லீடருக்கு மட்டும் அதே நீலத்தில் ஆரஞ்சுக் காலர். கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தவள் பானு. அவளுக்குப் பின்னால் வந்து அவளிடமே வேலை பழகிய ஈஸ்வரிக்குப் போன வருஷமே ஆரஞ்சுக் காலர் கிடைத்துவிட்டது. அன்றைக்குப் பானு வெங்காயமே இல்லாத சமையலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதை ஹேமநாத் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது ஒருவழியாக அவள் முறை. வருகிற திங்கட்கிழமை முதல் லைன் லீடர். கோட்டைக் கையில் வாங்கி வந்த அன்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். ரோஜா விசிலடித்தாள்.

புதுத் துணி விறைப்பாக இருக்கிறதே என்று பானு அதை ஒரு தடவை அலசி மாடியில் போட்டாள். அந்த வாரம் அவளுக்கு மதிய ஷிஃப்ட்டு; ஹேமநாத்துக்கு அன்று லீவு. படியிறங்கும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

“இன்னாங்க, அந்தக் கோட்ட மட்டும் காஞ்சதும் எடுத்து பீரோல வெச்சுடுங்க. திங்கக்கெழம வேணும்.”

“நான் பாத்துக்கறேன், நீ போ.”

பார்த்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் உண்டா? காய்ந்ததும் எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கித் திருப்பிப் பார்த்தார். ஆரஞ்சுக் காலரின் ஓரத்தில் எள்ளளவு கரி. ஊதினால் போயிருக்கும். ஆனால் ஊதுவது இன்ஸ்பெக்டர் வேலையா? ‘நாட் ஓகே.’ கோட்டு சிவப்புக் கூடைக்குப் போனது. யாரிடமும் சொல்லவில்லை. சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். சிஸ்டம் அப்போது வயர் கம்பெனியில் நின்றுகொண்டு வயர் சொருகிக்கொண்டிருந்தது.

அந்த வாரக் கடைசியில் அவருடைய கம்பெனியில் ஒரு தட்டுப்பாடு. மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணி தீர்ந்துவிட்டது. யாராவது யோசனை சொல்லுங்கள் என்றார் மேனேஜர். ஹேமநாத்தின் மூளையில் விளக்கு எரிந்தது. ஒரு வாரம் கேட்பாரில்லாமல் கிடந்தால் அது வேண்டாத பொருள் என்று பயிற்சியில் சொன்னார்களே! சனிக்கிழமை காலை சிவப்புக் கூடையை அப்படியே ஒரு சாக்கில் கவிழ்த்தார். ஊரில் உள்ள துணியையெல்லாம் தூக்கிப் பார்த்த மனிதர், அன்றைக்கு ஒன்றையும் தூக்கிப் பார்க்கவில்லை. சாக்கை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். மேனேஜர் முதுகில் தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அவர் தரையில் நடக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்தபோது, மெஷின் ஓட்டுகிற ராபின் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெளிர் நீலத் துணி. அதன் ஓரத்தில் ஆரஞ்சு.

“ராபின்... இந்தத் துணி ஏது?”

“நீங்க குடுத்ததுதான் சார். செம துணி சார் இது. எண்ணெய அப்டியே உறிஞ்சுது.”

ஹேமநாத் பாய்ந்து போனார். தன் கைக்குட்டையை ராபினிடம் கொடுத்துவிட்டுக் கோட்டை வாங்கிக்கொண்டார். விரித்துப் பார்த்தால் முதுகில் நடுவாக ஐந்து விரலும் பதிந்த ஒரு கரிய கை. கண்ணாடி முன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரும்பிய பானு நினைவுக்கு வந்தாள். பயம் இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது.

அன்று சாயந்திரம் பானு வேலையில் இருந்தாள். ஹேமநாத் வாஷிங் மெஷின் முன்னால் போய் நின்றார். இத்தனை வருஷமாக அதைப் பற்றி எத்தனை பேசியிருக்கிறார்! இப்போதுதான் தெரிந்தது, அதை எப்படி ஆன் செய்வது என்று அவருக்குத் தெரியாது. ரோஜாவைக் கேட்கலாம்; கேட்டால் ஏன் என்பாள். ஐந்து தடவை என்பாள். ஆகவே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் எந்த எண்ணெயும் ஓடிவிடும் என்பது அவர் பலருக்கும் சொல்லியிருக்கிற யோசனை. சொந்த யோசனையை முதல் தடவையாகச் சொந்தக் கையால் செய்தார். கை அகலம் இருந்த கறை முதுகு அகலம் ஆனது. காலரின் ஆரஞ்சு கொஞ்சம் இறங்கி நீலத்தோடு சொந்தம் கொண்டாடியது. பாத்திரம் விளக்குகிற சோப்பைப் போட்டுத் தேய்த்ததில் விரல் தோலுரிந்தது. கறை மட்டும் அப்படியே இருந்தது.

ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக மாடிக்குப் போய், எல்லோர் துணிக்கும் பின்னால், ஓரமாக அதைக் கொடியில் போட்டார். சர்ச் பூசைக்குக் கிளம்ப வேண்டி, புடவை எடுக்க வந்த ஆரோக்கியமேரி நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் நன்றாகவே பார்த்தாள்.

“இன்னாண்ணே, நீங்களா! நல்லா உதறிப் போடுங்கண்ணே, சுருக்கம் கீது. கிளிப்பு போடலியா? காத்து மேக்கால அடிக்குதே.”

அவர் கிளிப்பு தேடினார். அது எங்கே இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை பானு தலைவாரி, பூ வைத்து, பீரோவைத் திறந்தாள். கோட்டு இருந்தது. மடித்துத்தான் இருந்தது, ஹேமநாத் மடித்த மடிப்பாக. விரித்தாள். சரவணகுமார்கூட இட்லியை மெல்வதை நிறுத்தினான். கத்துவாள் என்று ஹேமநாத் காத்திருந்தார். கத்தியிருந்தால் தேவலை.

“ஏன் கோட்டு இப்டி கீது?”

“எண்ணெ பட்டுச்சு.”

“ஏன் எண்ணெ பட்டுச்சு?”

“ராபின் மெஷின் தொடச்சான்.”

“ராபின் கைக்கு ஏன் போச்சு?”

“நான்தான்... வேஸ்ட்டுத் துணின்னு குடுத்துட்டேன்.”

“ஏன் வேஸ்ட்டு?”

“செவப்புக் கூடைல கேப்பாரில்லாம கெடந்துச்சு பானு.”

“நாலு ஆச்சு,” என்றாள் ரோஜா, வாயில் பல் பிரஷ்ஷோடு.

பானு கோட்டை உதறினாள். அவர் ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்த மாதிரி, சுருக்கம் போக, பட்டென்று ஓர் உதறல். பிறகு கையை நுழைத்துப் போட்டுக்கொண்டாள்.

“பானு, இத்தையா போட்டுக்கினு போற? பழைய கோட்டு கீதே.”

“பழசுல காலரு நீலம். எனக்கு ஆரஞ்சு குடுத்துருக்காங்க. எத்தினி நாள் நின்னு வாங்குனது! இத்தத்தான் போட்டுக்கினு போவேன். முதுகுல இன்னான்னு ஈஸ்வரி கேப்பா. எங்க ஊட்டு குவாலிட்டி செக் பண்ணதுன்னு சொல்றேன்.”

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் வாசலில் நின்று செருப்பை மாட்டினாள்.

“அஞ்சாவது ஏன் பாக்கி கீது. கூடைல போட்ட கை, அத்த எடுத்து ஏன் தோய்க்கல? சாய்ந்தரம் வந்து கேக்கறேன். பதில ரெடி பண்ணி வையி.”

காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இறங்கினாள். முதுகில் அந்தக் கறையோடு தெருவில் நிமிர்ந்து நடந்தாள். ஹேமநாத் ஜன்னலில் நின்று பஸ் நகரும்வரை பார்த்தார்.

உள்ளே வாஷிங் மெஷின் வேலையை முடித்துவிட்டுக் கீக்கீ என்று கத்த ஆரம்பித்தது. இந்த வீட்டில் அந்தச் சத்தத்துக்கு எழுந்து போகிற ஆள் இப்போதுதான் பஸ் ஏறியிருந்தாள். வழக்கம்போல “ரோஜா!” என்று கூப்பிட வாயைத் திறந்தார். ரோஜா வாயில் நுரையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, சட்டைக் கையை முட்டிக்கு மேல் சுருட்டினார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி. இன்று காலை குளித்துவிட்டுத் தலை துவட்டினீர்களே, அந்த ஈரத் துண்டு இப்போது எங்கே? கதவு மேலா? கட்டிலிலா? நாற்காலி முதுகிலா? சரி, சாயந்திரம் நீங்கள் பார்க்கும்போது அது துவைத்து, காய்ந்து, மடித்து அலமாரியில் இருக்கும். அங்கே அது தானாக நடந்து போனதா? ஒரு தடவை ‘ஏன்’ என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து வேண்டாம். உங்களுக்கு ஒன்றே போதும்.