ஆட்டுக்குட்டியும் தயிர்சாதமும்

பதினெட்டு வயதுவரை எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசுவேன், (சண்டையும் நன்றாகவே போடுவேன்), எழுத்தைக் காட்டினால் மட்டும் திருதிருவென்று முழிப்பேன். வீடு ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில். பள்ளிக்கூடம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கர்நாடகப் பக்கம், ஏனென்றால் அந்தப் பள்ளி வேன்தான் எங்கள் வாசலுக்கு வந்தது. அங்கே ஆங்கிலம், கன்னடம், இந்தி. மூன்று மொழியில் பஸ் போர்டு படிக்கத் தெரிந்த நான், ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவேன்.

இப்படிப்பட்ட நான்தான் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகம் படித்துக்காட்டப் போனேன். எல்லோர் செல்போனிலும் பாம்பு விளையாட்டு மட்டுமே இருந்த காலம். நான் இன்ஜினீயரிங் முதல் வருடம். சனிக்கிழமை மதியம் ஒர்க்‌ஷாப். ஓர் இரும்புத் துண்டை மூன்று மணி நேரம் அரத்தால் தேய்க்க வேண்டும். தொடக்கப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளோடு புத்தகம் படித்துப் பேசுகிறவர்களுக்கு அதிலிருந்து விடுதலை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். விண்ணப்பத்தில் தமிழுக்கு நேராகப் பேச, படிக்க, எழுத என்ற மூன்று கட்டத்திலும் டிக் அடித்தேன். அந்த அரத்தைப் பிடித்தவர்கள் என்னை மன்னிப்பார்கள்.

கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. ஐந்து பிள்ளைகள், ஒரு புத்தகம். ஓர் ஆட்டுக்குட்டி தொலைந்துபோன தன் மணியைத் தேடி ஆற்றைக் கடந்து சந்தைக்குப் போகிற கதை, பதினாறு பக்கம். அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினேன். அப்பா திருநெல்வேலிக்காரர், கம்பெனியில் ஃபிட்டர். முதல் ஷிஃப்ட் முடித்து வந்து, காபியோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பார். நான் மனப்பாடம் செய்வேன். எந்த வார்த்தையில் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்பதுவரை மனப்பாடம்.

"இதுக்குப் பேசாம எழுத்தையே படிச்சிரலாம்லா?" என்றார் அப்பா.

"அதுக்கெல்லாம் நேரமில்லப்பா."

பிள்ளைகள் அசந்துபோனார்கள். அக்கா ஓர் இடத்திலும் தடுமாறவில்லை அல்லவா? ஒவ்வொரு வாரமும் அதே கதையைத் திரும்பக் கேட்டார்கள். முடிந்ததும் கதையைப் பற்றிப் பேசுவோம். ஆட்டுக்குட்டி ஏன் தனியாகப் போனது என்று கேட்டேன்.

"அவங்கம்மாவுக்கு ஷிஃப்ட் இருந்திருக்கும்" என்றாள் மஞ்சுளா. நான்காம் வகுப்பு; வீட்டில் தெலுங்கு, அம்மாவுக்குக் கம்பெனி வேலை.

"சந்தைக்குப் போன ஆடு திரும்பி வராதுக்கா" என்றான் சீனி. மூன்றாம் வகுப்பு, விவசாயக் குடும்பம், ஆடு விஷயத்தில் அனுபவஸ்தன்.

மஞ்சுளா நன்றாகப் பேசுவாள். படிக்கச் சொன்னால் மட்டும் "தொண்டை கட்டியிருக்குதுக்கா" என்பாள். அந்தத் தொண்டை ஆறு வாரமாகக் கட்டியே இருந்தது. நானும் வற்புறுத்தவில்லை. அவள் தப்பாகப் படித்தால் எனக்கு மட்டும் தெரியவா போகிறது?

ஏழாவது வாரம் எங்கள் பேராசிரியர் பார்வையிட வந்தார். ஒர்க்‌ஷாப்புக்கும் அவர்தான் பொறுப்பு. பொய் சொல்லி ஒர்க்‌ஷாப்பை ஏமாற்றியவர்கள் மாட்டினால், விட்ட வாரம் அத்தனைக்கும் சேர்த்து அரம் பிடிக்க வேண்டும், அப்பாவையும் கல்லூரிக்கு அழைத்து வரவேண்டும் என்று எச்சரித்திருந்தார். அன்று காலை பஸ்ஸில் என் டிபன் பாக்ஸ் திறந்து தயிர்சாதம் பைக்குள் பரவியிருந்தது. புத்தகத்தைத் துடைத்து வெயிலில் காயவைத்தேன். வெளியே பளிச்சென்று இருந்ததால் உள்ளே பார்க்கவில்லை.

பேராசிரியரும் தலைமை ஆசிரியையும் பின்னால் உட்கார, நான் முழங்க ஆரம்பித்தேன். ஆட்டுக்குட்டி ஆற்றில் இறங்கியது. தவளை பேசியது. சீனி கையைத் தூக்கினான்.

"அக்கா, படத்துல ஆடு சந்தையில நிக்குது. நீங்க இன்னும் ஆத்துலயே இருக்கீங்க."

"அது வேகமா போயிடுச்சு" என்றேன். (வேறென்ன சொல்ல?)

சீனி எழுந்து வந்து புத்தகத்தை வாங்கி, நகத்தால் நெம்பிப் பிரித்தான். "நடுவுல ரெண்டு பக்கம் ஒட்டிக்கிச்சு. தயிர் வாசம் அடிக்குது. ஒட்டின பக்கத்த எப்படிக்கா படிச்சீங்க?"

பேராசிரியர் எழுந்து வந்தார். எட்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தார். "நல்ல கேள்வி. இங்கிருந்து படிம்மா, கேப்போம்."

மனப்பாடம் செய்தவர்களுக்குத் தெரியும், நடுவில் நிறுத்தினால் மறுபடி முதல் வரியிலிருந்துதான் வண்டி கிளம்பும். அவர் விரல் வைத்த இடம் எந்த இடம் என்றே எனக்குத் தெரியவில்லை. எழுத்தெல்லாம் கொட்டிய கடுகாகத் தெரிந்தது. அப்பா கல்லூரி வாசலில் யூனிஃபாரத்தோடு நிற்பது கண்முன் வந்தது.

"சார், அது என் பக்கம்" என்று ஒரு குரல் கேட்டது. மஞ்சுளா. "அக்கா எனக்குன்னு குடுத்தது. நான்தான் படிக்கணும்."

புத்தகத்தை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். பக்கத்தின் மேலிருந்து, எழுத்துக்கு எழுத்து விரலை நகர்த்திப் படித்தாள். "'ஏலே ஆட்டுக்குட்டி, தண்ணி ஆழமாக்கும், பாத்துப் போ' என்றது தவளை." இரண்டு பக்கமும் தடங்கலில்லாமல் வந்தது.

தலைமை ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலு வருஷமா படிக்கச் சொன்னா வாயே தொறக்காத பொண்ணு சார் இது." பேராசிரியர் என் தோளைத் தட்டினார். அடுத்த வாரம் கல்லூரியில் எல்லோர் முன்னாலும் என்னைச் சிறந்த தன்னார்வலர் என்று அறிவித்தார்கள். கைதட்டலில் நான் தலை நிமிரவே இல்லை. அடக்கமான பெண் என்று அதற்கும் பாராட்டு.

அன்று பேராசிரியரும் தலைமை ஆசிரியையும் கிளம்பிய கையோடு பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்க்கா. படிக்கும்போது உங்க கண்ணு நகரவே இல்லையே" என்றாள் மஞ்சுளா.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் சீனிதான் வாத்தியார். கையில் ஸ்கேல் வைத்துக்கொண்டு கொஞ்சம்கூட இரக்கம் காட்டாமல் நடத்தினான். "அக்கா தனியா உக்காந்தா வெக்கப்படுவாங்க" என்று மஞ்சுளாவும் ஸ்லேட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வருடக் கடைசியில் இருவரும் எழுத்துக்கூட்டி எட்டாம் பக்கத்துக்கு வந்தோம். 'ஆட்டுக்குட்டியே, தண்ணீர் ஆழமாக இருக்கிறது' என்றுதான் தவளை சொல்லியிருந்தது. 'ஏலே' இல்லை. 'ஆக்கும்' இல்லை. இரண்டும் அப்பா காபி குடித்துக்கொண்டே சேர்த்தவை. நான் மனப்பாடம் செய்து அப்படியே ஒப்பித்தவை.

மஞ்சுளாவைப் பார்த்தேன். அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "தொண்டை கட்டியிருக்குதுக்கா" என்றாள்.

படிக்கத் தெரியாத பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஓர் அரத்துக்குப் பயந்து அதைச் செய்தேன். அந்தப் பெண் எனக்காகச் செய்தாள். இன்று நான் படிக்கும் ஒவ்வொரு தமிழ் வரியிலும் அவளுக்கும் சீனிக்கும் பங்கு உண்டு. அவர்களுக்கு நான் நன்றி சொல்லித் தீராது.

எங்கள் வீட்டில் இப்போதும் யாராவது தெரியாததைத் தெரிந்ததுபோல் அளந்தால், "என்ன, தயிர்சாதம் ஒட்டிக்கிச்சா?" என்றுதான் கேட்கிறோம். இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் முதலில் அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காபியோடு உட்கார்ந்து, சத்தமாகப் படித்தார். "'ஏலே சீனி, பாத்துப் பிரிலே' என்றாள் மஞ்சுளா" என்று ஒரு வரி வந்தது. நான் அப்படி எழுதவில்லை.

திருத்தவும் இல்லை. மனப்பாடம் செய்துகொண்டேன்.