சைக்கிள் பாதையில் தெளித்த தண்ணீர்

மதிப்புக்குரிய பொன்னம்பலம் அத்தானுக்கு,

ரொறன்ரோவிலிருந்து தட்சிணாமூர்த்தி எழுதுவது. நீங்களும் அக்காவும் யாழ்ப்பாணத்தில் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். நாங்களும் சுகம், சரியாகச் சொன்னால், இன்று காலை எட்டே காலிலிருந்து சுகம்.

மகள் நிலாணி ஆஸ்பத்திரி வேலைக்குச் சைக்கிளில் போவது உங்களுக்குத் தெரியும். போன வருடம் இதே நவம்பரில் ஈர இலையில் சறுக்கி மணிக்கட்டை முறித்தவள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால், "நான் என்ன நேசறிப் பள்ளிக்கூடத்துக்கோ போறன்?" என்கிறாள். எங்கள் தெரு மேப்பிள் மரங்கள் கொட்டுகிற இலையெல்லாம் சைக்கிள் பாதையில்தான் வந்து குவிகிறது. மாநகரசபைக்கு ஆறு தடவை முறையிட்டேன். ஆறு தடவையும் மிகவும் மரியாதையாக ஒரு முறைப்பாட்டு இலக்கம் தந்தார்கள். ஆகவே மூன்று கிழமையாக நானே விடிய எழும்பி, வீட்டிலிருந்து சந்தி வரைக்கும் கூட்டி, இலையைக் கடதாசிப் பைகளில் அடைக்கிறேன். நான் குனிந்து பை கட்டுகிற நேரத்தில் அவள் போய்விடுவாள், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

தூசியால் தும்மல் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் அத்தான்? தண்ணீர் தெளித்துக் கூட்டச் சொன்னீர்கள். முற்றத்தைத் தண்ணீர் தெளித்துத்தானே கூட்டி வளர்ந்தோம், இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். இன்று காலை இரண்டு வாளித் தண்ணீரைக் கையால் அள்ளி, சந்தி வரைக்கும் ஓர் அடி விடாமல் தெளித்தேன். தூசி அடங்கியது. முப்பது வருடம் கனடாவில் இருந்தவனுக்கு, வெளியே மைனஸ் நாலு என்பதை மனைவி வனஜா கதவைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் பாதை முழுக்கக் கண்ணாடி.

இந்த வருடம் பிள்ளையை இலை விழுத்தாது, தகப்பன் விழுத்தப் போகிறான். நடுப்பாதையில் நின்று விளக்குமாற்றை ஆட்டி, வந்த சைக்கிள்களையெல்லாம் மறித்தேன். வனஜா ஐஸைக் கரைக்க உப்புப் போத்தலோடு ஓடி வந்தாள். "கறிக்குப் போடுற மாதிரிக் கிள்ளிப் போடாதையும், கொட்டும்" என்று கத்தினேன். ஒன்பது பேர் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு புல்லால் போனார்கள். எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள், தண்ணீர் ஊற்றியவன் நான்தான் என்று நான் சொல்லவில்லை. நிலாணியை மட்டும் காணவில்லை. வீட்டில் சைக்கிளும் இல்லை, போனுக்குப் பதிலும் இல்லை. சந்திக்கு அங்கால் விழுந்து கிடக்கிறாளோ என்று ஓடின நான் வழுக்கி, கட்டி வைத்த இலைப் பைகளுக்கு மேல் போய் விழுந்தேன். எலும்பு தப்பியது, பைதான் கிழிந்தது.

எட்டே காலுக்குப் போன் வந்தது. "அப்பா, நான் வேலைக்கு வந்திட்டன். ஏன் பதினாலு மிஸ்ட் கோல்?" றோட்டில் இருந்தபடியே அழுதேன் அத்தான், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

தண்ணீர் உறைய முன்னமே போய்விட்டாள் போலும். மூன்று கிழமை கூட்டிய புண்ணியம் கைவிடவில்லை. இனித் தண்ணீர் வேண்டாம், தும்மிக்கொண்டே கூட்டுகிறேன். உங்களில் கோபம் ஒன்றும் இல்லை. அக்காவுக்கு எங்கள் அன்பு, உங்களுக்கு என் வணக்கம். இருவரும் நூறாண்டு வாழுங்கள், ஆனால் எனக்கு யோசனை சொல்ல வேண்டாம்.

அன்பு மைத்துனன்,
தட்சிணாமூர்த்தி

பி.கு.: கடித உறையை ஒட்ட முன்னர் நிலாணி வேலையால் வந்துவிட்டாள். நான் கூட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவள் எங்கள் தெருவாலேயே போவதில்லையாம். "நீங்கள் விளக்குமாத்தோட நிக்கேக்க, எல்லாரும் பாக்க நான் எப்பிடியப்பா அதால போறது? பின் ஒழுங்கையால போறன்." போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே இலை கணுக்கால் வரைக்கும் கிடக்கிறது, ஒருவரும் கூட்டுவதில்லை. மூன்று கிழமையாக அதன் மேலால்தான் என் பிள்ளை ஒரு கீறலும் இல்லாமல் போய் வந்திருக்கிறாள்.